சீசன் வேலையும் சம்பளமில்லாப் பயிற்சியும்

அன்புள்ள ஐயா,

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கிறேன். காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் நாகப்பட்டினம் போய், சிதம்பரமும் தஞ்சாவூரும் பார்த்துவரத் தோழிகளோடு திட்டமிட்டிருக்கிறேன். செலவுக்கு வீட்டில் கேட்க விருப்பமில்லை. மாலையில் சிறுபிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுக்கிறேன். அதை விடாமல் செய்யக்கூடிய வேலை எது? வீட்டிலிருந்தே தட்டச்சு செய்யும் வேலைக்கு முன்பணம் கேட்கிறார்கள். நிலாவெளியில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள். முதல் இரண்டு மாதமும் பயிற்சியாம், சம்பளம் இல்லையாம். விடுதி வேலை மதிப்பில்லை என்று அம்மா சொல்கிறார்.

சாம்பல்தீவிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

முன்பணம் கேட்கும் தட்டச்சு வேலையை இன்றே மறந்துவிடுங்கள். வேலை கொடுப்பவர் பணம் தருவார், வாங்கமாட்டார். அம்மா சொல்லும் மதிப்பைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை. வேலை எத்தனை மணிக்கு முடியும், வீட்டுக்கு எப்படி வருவீர்கள் என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அவருடைய கவலையில் பாதி அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால், "சம்பளம் இல்லையாம்" என்பதை நாளைக்கு மழை வருமாம் என்பதுபோல எழுதிவிட்டுப் போகிறீர்களே, அதுதான் என்னைச் சுட்டது. உயர்தரம் எழுதிய பிள்ளை ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா? நம் திருகோணமலைக் கரையில் சுற்றுலா சீசன் மே மாதத்தில் சூடுபிடித்துச் செப்டெம்பரோடு தளர்ந்துவிடும். அந்த ஐந்து மாதத்தில் இரண்டு மாத உழைப்பை இலவசமாகக் கேட்கிறார்கள். முதல் நாளே அறைச் சாவியை எடுத்துக் கொடுக்கப்போவதும், புறாத்தீவுக்குப் படகு கேட்டு வருபவருக்குப் பதில் சொல்லப்போவதும் நீங்கள்தான். மேசையில் இருப்பவர் இன்னும் பழகுகிறார் என்பதற்காக அந்த விருந்தினரிடம் அறை வாடகையைக் குறைத்து வாங்குவார்களா? சென்ற சீசனில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பையன் இப்படியே உழைத்து, கடைசியில் அனுபவச் சான்றிதழ் ஒன்றோடு வீடு திரும்பினான். அன்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு உங்கள் கடிதம் வாய்த்தது.

சிறுவனாக இருந்தபோது பள்ளி விடுமுறைகளில் நான் கரைவலை இழுக்கப் போவேன். இழுத்தேன் என்பதைவிடக் கயிற்றில் தொங்கினேன் என்பதே உண்மை. வலையின் மடி கரையேறி, மீன் விலைபோனதும், செலவு கழித்து, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாருக்கும் வலை இழுத்தவர்களுக்கும் பங்கு பிரிப்பார்கள். மீன் படாத நாளில் எல்லோருக்கும் வெறுங்கைதான். ஆனால் மீன் பட்ட நாளில், அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கயிறு பிடித்தவனுக்கும் பங்கு உண்டு. என்னைப் போன்ற பொடியன்களுக்குக்கூடக் கறிக்கு மீன் கிடைக்கும். முன்பணம் கொடுத்து ஆட்களைக் கடனில் கட்டிப்போட்ட சம்மாட்டிகளும் இருந்தார்கள். அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நான் வரவில்லை. ஆயினும் அவர்களில் எவரும் தொழில் பழகுகிறாய் என்று சொல்லி ஒருவனின் பங்கை மறுத்து நான் பார்த்ததில்லை. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து வந்து நம் கரையில் வாடி அமைத்துத் தங்கும் தொழிலாளருக்கும் சீசன் என்றால் பிழைப்புத்தான், பயிற்சி அல்ல.

ஆகவே அந்த விடுதிக்குப் போய், சம்பளம் எவ்வளவு, எந்தத் திகதியில் தருவீர்கள், சேவைக் கட்டணத்தில் பங்கு உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியையும் கேளுங்கள். 1958ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் தற்காலிக ஊழியருக்கும் பொருந்தும்: உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழித்து, முதலாளி தன் பங்காக 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர் கட்டும் 3 வீதம் வேறு. இவற்றைக் கேட்பது துடுக்குத்தனம் என்று யாராவது சொன்னால், சொல்லிவிட்டுப் போகட்டும்.

பயணத்தைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டீர்கள், நானும் மறக்கவிருந்தேன். 2023 ஒக்டோபரில் தொடங்கிய அந்தக் கப்பல் சேவை, நம் விடுதிகளை வெறிச்சோட வைக்கும் அதே வாடைக்காற்றில் நின்றுவிடுவது வழக்கம். சீசன் முடிந்து காசு கையில் சேரும்போது கடல் கொந்தளிக்கத் தொடங்கியிருக்கும். எனவே மழை மாதங்களைக் கடவுச்சீட்டு எடுக்கவும் டியூஷன் காசைச் சேர்க்கவும் வைத்துக்கொண்டு, கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு புறப்படுங்கள். டியூஷனுக்கு இடைஞ்சல் இல்லாமல் விடுதியில் காலை ஷிப்ட் கேளுங்கள். தரமாட்டோம் என்றால், உப்புவெளியிலும் விடுதிகள் இருக்கின்றன.