மடியில் கனம் வைப்பது எப்படி?

உள்பாவாடையில் ஜிப் வைத்துத் தைப்பதைப் பற்றி முன்பு ஒரு பதிலில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அன்றிலிருந்து வரும் கேள்விகளில் பாதி பாக்கெட் பற்றித்தான். இருபத்தைந்து வருடமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், வருடத்துக்கு ஒரு நீண்ட பயணமாவது போய்வருகிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்து இந்த முறை எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில்.

எனக்கு வயது 61. புடவை தவிர வேறு எதுவும் உடுத்திப் பழக்கமில்லை. அடுத்த மாதம் முப்பது பேர் சேர்ந்து காசி, கயா, பிரயாக்ராஜ் போகிறோம். கைப்பையோடு படித்துறையில் இறங்கப் பயமாக இருக்கிறது. பயண உடை என்று கடையில் கேட்டால் பேன்ட்டும் ஜாக்கெட்டும்தான் காட்டுகிறார்கள். புடவைக்கு வழி இல்லையா?
— வாசகி, கும்பகோணம்

இருக்கிறதம்மா. சொல்லப்போனால் புடவைக்குத்தான் வழி அதிகம். நம் பாட்டிமார்கள் காசை முந்தானையில் முடிந்துகொண்டார்கள், சுருக்குப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு சந்தைக்கும் திருவிழாவுக்கும் போய்வந்தார்கள். கைப்பை அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது.

கையிலிருக்கும் பணத்தை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். படகு, ரிக்‌ஷா, டீ, உண்டியல் இதற்கெல்லாம் எடுக்கிற செலவுப் பணம் ஒன்று. நாலு பேர் பார்க்கும் இடத்தில் தொடவே கூடாத பத்திரப் பணம் இன்னொன்று. செலவுப் பணத்துக்குச் சுருக்குப் பை போதும். பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளைப் போட்டு இடது இடுப்பில் முந்தானைக்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். அதன் கயிற்றை உள்பாவாடை நாடாவோடு ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால், தவறி நழுவினாலும் தொங்கிக்கொண்டு நிற்கும்.

பத்திரப் பணத்துக்கு உள்பாவாடையிலேயே பாக்கெட் தைக்கலாம். நானும் பல வருடம் அப்படித்தான் தைத்துக் கொடுத்தேன். ஆனால் பத்து நாள் பயணத்தில் அதில் ஒரு சங்கடம் உண்டு. பாவாடையைத் தினமும் மாற்றுவீர்கள், ஒவ்வொரு நாளும் பணத்தை இடம் மாற்ற வேண்டும். ஒரு நாள் அவசரத்தில் பாவாடையோடு பணத்தையும் ஊற வைத்துவிடுவீர்கள். என் வீட்டிலேயே நடந்திருக்கிறது.

அதனால் இப்போது நாடாவில் கோக்கிற பைதான் தைத்துக் கொடுக்கிறேன். ஏழு அங்குல அகலம், ஆறு அங்குல உயரம், தட்டையான பை. ஐந்நூறு ரூபாய் நோட்டு 15 செ.மீ. நீளம், ஏறக்குறைய ஆறு அங்குலம். மடிக்காமல் படுக்கவைக்கலாம் என்பதற்காகத்தான் அந்த அகலம். மடித்த கட்டுதான் வெளியே துருத்தித் தெரியும், படுத்திருக்கும் இருபது நோட்டு தெரியவே தெரியாது. பையின் மேல் ஓரத்தில் ஐந்தாறு அங்குல நீளத்துக்கு இரண்டு பட்டி வைத்து, அதன் நுனியில் நாடா நுழைகிற அளவு வளையம் தைக்க வேண்டும். பாவாடை நாடாவை வளையங்களுக்குள் விட்டுக் கட்டினால் பை வலது தொடையின் முன்பக்கம் போய் உட்காரும். கொசுவம் மேலே விழுவதால் மறைந்துவிடும். இடுப்போடு ஒட்டி வைத்தால் உட்காரும்போது அழுத்தும், பக்கவாட்டில் வைத்தால் ரயில் பெர்த்தில் ஒருக்களித்துப் படுக்க முடியாது. தொடைதான் சரி.

துணி காடாவாக இருக்கட்டும். வழுக்கும் துணி வேண்டாம். ஜிப் நைலானில் போடுங்கள், உலோக ஜிப் ஈரத்தில் துருப்பிடித்து நோட்டிலும் கறையேற்றும். இப்போது வருகிற இறுக்கமான ஷேப்வேர் பாவாடையில் இந்தப் பையைத் தொங்கவிட முடியாது, அது உடம்போடு ஒட்டுகிற துணி. பயணத்துக்குப் பழைய பாப்ளின் பாவாடைதான் தோது.

ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே பெண்கள் இதே மாதிரிப் பையைப் பாவாடைக்கு அடியில் இடுப்பில் நாடா போட்டுக் கட்டியிருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் உடம்பை ஒட்டிய மெல்லிய கவுன்கள் வந்ததும் அந்தப் பைக்கு உள்ளே இடமில்லாமல் போயிற்று. கையில் தொங்கும் சிறு பை அங்கே அப்படித்தான் பரவியது. உங்கள் புடவைக்குள் இன்னும் தாராளமாக இடம் இருக்கிறது.

கங்கையில் முழுக்குப் போடும்போது மட்டும் பையைக் கழற்றி, கரையில் இருக்கிற உங்கள் ஆளிடம் கொடுத்துவிடுங்கள். அதற்காகவே ஒருவரைக் கடைசியாகக் குளிக்கச் சொல்லுங்கள்.

அமெரிக்காவிலிருக்கும் மகள் பதினாறு பாக்கெட் வைத்த பயண ஜாக்கெட் அனுப்பியிருக்கிறாள். அக்டோபரில் இத்தாலி, சுவிட்சர்லாந்து சுற்றுப்பயணம். கைப்பையே எடுக்காதே என்கிறாள். நம்பிப் போகலாமா?
— வாசகி, சென்னை

போகலாம், அக்டோபர் என்பதால். ஜூலை என்றால் வேண்டாம் என்றிருப்பேன். பயண ஜாக்கெட்டில் எனக்கு இருக்கிற பெரிய குறையே அதுதான். குளிருக்குப் பிறந்த உடுப்பு அது. வெயிலில் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டால் அதுவும் ஒரு கைப்பைதான், அதுவும் வாய் திறந்த பதினாறு கைப்பை. சென்னையில் ஏர்போர்ட்டுக்குள் நுழையும் வரை மடித்தே வைத்திருங்கள்.

பதினாறையும் நிரப்பாதீர்கள். டிக்கெட் பரிசோதகர் முன்னால் நின்றுகொண்டு, கொசு கடித்தவர் மாதிரி உடம்பெல்லாம் தட்டித் தேடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நான்கு பாக்கெட் போதும். பாஸ்போர்ட் 12.5 செ.மீ.க்கு 8.8 செ.மீ. மார்புக்கு உள்பக்கம் ஜிப் வைத்த பாக்கெட்டில் அது நிற்கும். போனுக்கு வலது கை போகிற வெளிப் பாக்கெட். அன்றைய செலவுக்கான யூரோ இடது பக்கம். மூக்குக்கண்ணாடியும் கைக்குட்டையும் கீழே. கிளம்புவதற்கு முந்தைய வாரம் வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு தினம் பத்து நிமிடம் எடுத்து வைத்துப் பழகுங்கள். வீட்டில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

ரோமில் டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வாட்டிகன் பக்கம் போகும் 64ஆம் எண் பேருந்து பிக்பாக்கெட்டுக்குப் பேர் போனது. அதில் ஏறினால் வெளிப் பாக்கெட்டில் எதுவும் இருக்கக் கூடாது, போன் உட்பட. அப்புறம், ஹோட்டலில் சாப்பிட உட்காரும்போது ஜாக்கெட்டை நாற்காலி முதுகில் மாட்டவே மாட்டாதீர்கள். பயணமே அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் இது சௌகரியம். ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கொட்டாமல், ஜிப்பையெல்லாம் மூடி ஜாக்கெட்டையே ட்ரேயில் போட்டுவிடலாம். போனைத் தனியே வைக்கச் சொன்னால் வையுங்கள். ஜாக்கெட் ட்ரே மிஷினுக்குள் போன பிறகுதான் நீங்கள் அடுத்த பக்கம் நகர வேண்டும்.

குர்தாவில் பாக்கெட் வைத்துத் தைக்கச் சொன்னேன். போனைப் போட்டதும் ஒரு பக்கமே இழுத்துக்கொண்டு தொங்குகிறது, நடந்தால் முட்டியில் இடிக்கிறது. ரயிலில் தனியாகப் போய் வருகிறவள் நான். என்ன செய்யலாம்?
— கல்லூரி மாணவி, கோவை

உங்கள் டெய்லர் பாக்கெட்டைப் பக்கத் தையலில் மட்டும் பிடித்து ஊசலாக விட்டிருப்பார். போன் இருநூறு கிராம் வரை இருக்கும், ரேயான் துணி அந்தக் கனத்தைத் தாங்காது. பாக்கெட்டின் மேல் ஓரத்தை முன்துணியின் உள்பக்கமாக ஒரு காட்டன் பட்டி வைத்து இடுப்புத் தையல் வரை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கனம் இடுப்புக்கு மாறும், பக்கத் தையல் நேராக நிற்கும். இடுப்பில் தையல் இல்லாத நேர்வெட்டு குர்தா என்றால் இந்த வித்தை நடக்காது. அதில் ஓப்பன், அதாவது பக்கவாட்டுப் பிளவு, எங்கே ஆரம்பிக்கிறது என்பதும் பிரச்சினை. ஓப்பனுக்கு மேலே பாக்கெட்டை முடிக்கப் பார்த்தால் ஆழம் கிடைக்காது.

அதனால் போனுக்குப் பேன்ட் பாக்கெட்தான் என் யோசனை. காட்டன் பேன்ட்டில் ஏழு அங்குல ஆழம் வையுங்கள், குர்தா மேலே விழுந்து மூடிக்கொள்ளும், ஓப்பன் வழியாகக் கை போகும். பலாஸோ என்றால் எலாஸ்டிக்கோடு நாடாவும் போட்டே ஆக வேண்டும். வெறும் எலாஸ்டிக்கில் போனைப் போட்டுக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடினால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

ரெடிமேடில் இது கிடைக்காது என்று குறைப்படாதீர்கள், அமெரிக்காவிலும் இதே கதைதான். ‘தி புட்டிங்’ என்ற இணைய இதழ் 2018இல் இருபது பிராண்டுகளின் ஜீன்ஸை அளந்து பார்த்தது. பெண்கள் ஜீன்ஸின் முன் பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு. பாக்கெட் துணிக்கு ஆகிற காசு சொற்பம். டெய்லரிடம் கேட்டு வாங்குங்கள்.

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குக் குடும்பத்தோடு போகிறோம். ஆண்கள் சட்டையைக் கழற்றி வேட்டியோடுதான் போக வேண்டும். பர்ஸ், கார் சாவியெல்லாம் எங்கே வைப்பது?
— வாசகர், திண்டுக்கல்

பட்டாபட்டி டிரவுசர் எதற்கு இருக்கிறது? பாக்கெட் வைத்த உள்ளுடையை நம்மூர் ஆண்கள் எத்தனையோ காலமாக வேட்டிக்கு அடியில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், பயண உடை என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பாக்கெட்டுக்கு ஒரு டிச் பட்டன் வைத்துக்கொள்ளுங்கள். அது பிடிக்காவிட்டால் வேட்டிக்கு மேல் கட்டுகிற பாக்கெட் வைத்த பச்சை பெல்ட். ஹஜ் போகிற ஆண்கள் தையல் இல்லாத இஹ்ராம் துணியோடு இருக்கும்போது பணத்துக்கு இந்த மாதிரிப் பெல்ட்டைத்தான் நம்புகிறார்கள். போனை எப்படியும் வெளியே கவுண்டரில் கொடுத்தாக வேண்டும், அதற்கு இடம் தேட வேண்டாம்.

கார்டிலிருந்து தூரத்திலிருந்தே பணத்தை எடுத்துவிடுகிறார்களாமே? அதைத் தடுக்கும் பாக்கெட் என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். வாங்கலாமா?
— வாசகர், மதுரை

அந்தக் காசுக்கு இரண்டு உள்பாக்கெட் தைத்துக்கொள்ளுங்கள். தட்டிப் பணம் கட்டுகிற கார்டை நாலைந்து செ.மீ. நெருக்கத்தில்தான் படிக்க முடியும். இந்தியாவில் பின் நம்பர் இல்லாமல் ஒரு தடவைக்கு ரூ. 5,000 வரைதான் போகும். அதுவும் வேண்டாம் என்றால் வங்கியின் ஆப்பில் அந்த வசதியை நீங்களே நிறுத்தி வைக்கலாம், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். காசு செலவில்லை.

ராமேசுவரத்தில் 22 தீர்த்தமும் ஆடும்போது பாக்கெட்டில் இருப்பதெல்லாம் நனைந்துவிடுமே?
— வாசகி, ஈரோடு

நனையும். வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள், எந்த ஜிப்பும் தாங்காது. பூட்டிய அறையில் பத்திரப் பணத்தை விட்டுவிட்டு, கொஞ்சம் பணத்தையும் அறைச் சாவியையும் மட்டும் அழுத்தி மூடுகிற பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப்போங்கள். வெளிர் நிறமும் மெல்லிய துணியும் வேண்டாம், நனைந்ததும் பாக்கெட்டுக்குள் இருப்பது வெளியே தெரியும். ஈரத் துணியோடு சுவாமி தரிசனத்துக்கு விடமாட்டார்கள், மாற்று உடைக்கு எப்படியும் ஒரு பை வேண்டும். எல்லாவற்றுக்கும் பாக்கெட் பதிலாகாது.

பவர் பேங்க்கைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு விமானம் ஏறலாமா? இன்சுலினையும் அப்படியே வைக்கலாமா?
— வாசகர், திருநெல்வேலி

பவர் பேங்க்கைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கூடவேதான் கொண்டுபோக வேண்டும். அனுமதி கேட்காமல் 100 வாட்-மணி வரை எடுத்துப்போகலாம். கடையில் கிடைக்கிற 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஏறக்குறைய 74 வாட்-மணிதான். சாவியோடும் சில்லறையோடும் ஒரே பாக்கெட்டில் போடாதீர்கள், முனைகள் உரசினால் சூடேறும். பறக்கும்போது அதை வைத்து சார்ஜ் போடுவதை சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் எமிரேட்ஸும் 2025இல் தடை செய்தன.

இன்சுலின் பாக்கெட்டில் வேண்டாம். உடம்புச் சூடு அதற்கு ஆகாது. அதற்குரிய குளிர்ப் பையில் வைத்து, அந்தப் பையைக் கையிலேயே வைத்திருங்கள்.

என் கணவரின் சட்டை, பேன்ட் பாக்கெட்டிலேயே எல்லாம் அடங்கிவிடுகிறது. பணம், டிக்கெட், என் ஆதார், சில சமயம் என் போனும்கூட. எனக்கு எதற்குப் பாக்கெட்?
— வாசகி, விழுப்புரம்

நானும் அப்படி இருந்தவள்தான். வடக்கே ஒரு பெரிய ரயில் நிலையத்தில் டீ வாங்க இறங்கிய என் கணவர், ரயில் நகர ஆரம்பித்ததும் கிடைத்த பெட்டியில் ஏறிக்கொண்டார். இரண்டு பெட்டிக்கும் நடுவே வழி இல்லை. டிக்கெட், பணம், இரண்டு போன் எல்லாம் அவர் பாக்கெட்டில். பரிசோதகர் வந்து கேட்டபோது என்னிடம் இருந்தது ஒரு ஆரஞ்சுப் பழமும் மொழி தெரியாத முழியும்தான். அடுத்த நிறுத்தம் வர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.

உங்கள் ஆதாரும் உங்கள் போனும் உங்களிடம். கைப்பணத்தில் பாதி உங்களிடம். அவருடைய போன் நம்பரும் தங்குமிடத்து முகவரியும் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று, பிளாஸ்டிக் கவருக்குள். இவ்வளவுக்கும் கும்பகோணத்து அம்மாவுக்குச் சொன்ன அதே பை போதும். தையல் தெரிந்தால் ஒரு மத்தியான வேலை. தெரியாவிட்டால் உங்கள் தெரு டெய்லரிடம் அளவைக் காட்டுங்கள், வளையத்துக்கு மட்டும் இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள்.