லாய்ட்ஸ் ஒரு கம்பெனி அல்ல, சந்தை

கேள்வி: திருப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் பின்னலாடை அனுப்புகிறோம். பாலிசி எடுத்தது இந்தியக் கம்பெனியில். ஆனால் சரக்கு சேதமானால் இறங்கும் துறைமுகத்தில் உள்ள 'லாய்ட்ஸ் ஏஜென்ட்'டிடம் தெரிவிக்கச் சொல்லி இன்சூரன்ஸ் சான்றிதழில் இருக்கிறது. அப்படியானால் இழப்பீடு தரப்போவது லாய்ட்ஸா?

பதில்: இல்லை. உங்களுக்குப் பாலிசி கொடுத்த கம்பெனிதான் தரவேண்டும். லாய்ட்ஸ் ஏஜென்ட்டின் முக்கிய வேலை சேதத்தைப் பார்வையிட்டு சர்வே அறிக்கை தருவது. 1811 முதல் உலகத் துறைமுகங்களில் இந்த ஏற்பாடு இருக்கிறது. கிளெய்மை முடித்துவைக்கும் அதிகாரத்தை உங்கள் கம்பெனி அவருக்குக் கொடுத்திருந்தால்தான் அவர் பணம் பட்டுவாடா செய்வார். அதைச் சான்றிதழில் பாருங்கள்.

லண்டனில் உள்ள லாய்ட்ஸே ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி கிடையாது. கோயம்பேடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: இடமும் விதிமுறையும் சந்தையுடையவை, வியாபாரம் கடைக்காரர்களுடையது. அங்கே கடைக்காரர்கள் 'சிண்டிகேட்' எனப்படும் முதலீட்டுக் குழுக்கள். புரோக்கர் ஒரு பெரிய ரிஸ்க்கைக் கொண்டுவந்தால் ஒரு சிண்டிகேட் முன்னின்று பிரீமியத்தையும் நிபந்தனையையும் பேசி முடிக்கும். மற்றவை 5 சதவீதம், 10 சதவீதம் என்று பங்கு எடுக்கும். அவரவர் பங்குக்கு அவரவர்தான் பொறுப்பு. யாராவது கைவிரிக்கும் நிலை வந்தால் கைகொடுக்க ஒரு மத்திய நிதியும் உண்டு. 1680களில் எட்வர்ட் லாய்டின் காபிக் கடையில் கூடிய கப்பல்காரர்கள், வணிகர்கள் வழியாக வளர்ந்த முறை இது. லாய்ட்ஸ் பேங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

2017இல் லாய்ட்ஸ் மும்பையில் மறுகாப்பீட்டுக் கிளை திறந்தது. உங்கள் கம்பெனி தன் சுமையில் ஒரு பகுதியை அங்கே தள்ளிவிட்டிருக்கலாம். அது அவர்களுக்குள் உள்ள கணக்கு. அந்தப் பணம் வரட்டும் என்று உங்களைக் காக்கவைக்க முடியாது.

உங்களை நேரடியாகத் தொடுவது வேறொன்று: போர் ரிஸ்க். லண்டன் சந்தையின் கூட்டுப் போர்க்குழு (Joint War Committee என்ற இன்சூரன்ஸ்காரர்களின் குழு) ஆபத்தான கடல்பகுதிகளைப் பட்டியலிடுகிறது. 2023 டிசம்பரில் செங்கடலில் அந்த எல்லையை விரித்தார்கள். சூயஸ் வழியாக ஐரோப்பாவுக்குப் போகும் பாதை அதுதான். சாதாரண சரக்குப் பாலிசியில் போர்ச் சேதம் அடங்காது, தனியாகச் சேர்க்கவேண்டும். அதையும் பொதுவாக 7 நாள் நோட்டீஸில் ரத்துசெய்யலாம், ஏற்கெனவே கிளம்பிய சரக்குக்கு அது பொருந்தாது. ஆகவே ஒவ்வொரு கன்டெய்னருக்கும் முன்பாக உங்கள் புரோக்கரிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

அப்புறம், சேதம் தெரிந்ததும் பேக்கிங்கைத் தூக்கிப்போடாமல் சர்வேயருக்காக வைக்கும்படி வாங்குபவரிடம் சொல்லுங்கள். வெளியே தெரியாத சேதம் என்றால் 3 நாளுக்குள் கப்பல் நிறுவனத்துக்கும் எழுதவேண்டும்.