மாளிகையைக் கல்விலைக்கு விற்ற மாப்பிள்ளை

கேள்வி: லண்டனில் மகன் வீட்டுக்குப் பக்கத்தில் வான்ஸ்டெட் பூங்கா இருக்கிறது. அங்கே பெரிய மாளிகை இருந்ததாம். ஒரு சுவரைக்கூடக் காணோமே, தீ விபத்தா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: கடன்தான் அம்மா இடித்தது.

அந்த எஸ்டேட்டை 1673-ல் வாங்கிய சர் ஜோசையா சைல்ட் உங்கள் ஊருக்கு வேண்டியவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவர். 1688-ல் மதராஸ் மாநகராட்சி பிறந்தது அவர் யோசனையில்தான். ஊர்க்காரர்களே வரி போட்டு வசூலித்துக்கொண்டால் கம்பெனி கையைக் கடிக்காது என்ற கணக்கு. (வரி கட்ட ஜனங்கள் முரண்டு பிடித்தது தனிக்கதை.) வான்ஸ்டெட்டில் வால்நட் மரங்களுக்கும் மீன் குளங்களுக்கும் அவர் காசை வாரி இறைத்ததை 1683-ல் நேரில் பார்த்த ஜான் ஈவ்லின், நாட்குறிப்பில் முகம் சுளித்திருக்கிறார்.

மாளிகையைக் கட்டியது மகன் ரிச்சர்ட், 1715 வாக்கில். வடிவமைத்தவர் காலன் கேம்பெல். முகப்பு மட்டும் 260 அடி.

1805-ல் சிறுவனான தம்பி இறந்துபோக, மொத்தச் சொத்தும் ரிச்சர்டின் வம்சத்தில் வந்த கேத்தரின் டில்னி-லாங் என்ற பெண்ணிடம் வந்தது. பின்னாளில் மன்னரான கிளாரன்ஸ் கோமகனே அவளைப் பெண் கேட்டார். அவளோ 1812-ல், திப்புவோடு போரிட்ட ஆர்தர் வெல்லெஸ்லியின் அண்ணன் மகன் வில்லியமுக்குக் கழுத்தை நீட்டினாள். என்னைக் கேட்டால் கோமகனே தேவலை. அவருக்கும் கடன் உண்டு, ஆனால் அடைக்க நாடாளுமன்றம் இருந்தது!

மாப்பிள்ளைக்குப் பத்து வருஷம் போதுமானதாக இருந்தது. 1822-ல் கடன்காரர்களுக்குப் பயந்து வெளிநாட்டுக்கு ஓட்டம். அந்த ஜூனில் தொடங்கி 32 நாள் ஏலம்: நாற்காலி, திரைச்சீலை, ஓவியம், சிலை எல்லாம் போயின. குடும்ப ஏற்பாட்டின்படி நிலத்தை விற்க வழியில்லை. சரி, கட்டடத்தை விற்கலாமே என்று 1824-ல் வெறும் கல், மர விலைக்குக் கொடுத்தார்கள். கிடைத்தது 10,000 பவுண்ட். கட்ட ஆனது 3,60,000 பவுண்ட் என்பார்கள். கேத்தரின் 1825-ல் இறந்தாள். பிள்ளைகளை வளர்க்க இவர் லாயக்கில்லை என்று நீதிமன்றமும் அவர்களைப் பிரித்துவிட்டது. அப்பன் கையிலிருந்து பிள்ளைகளைப் பறிப்பது அந்தக் காலத்தில் லேசில் நடக்காத காரியம்.

மாளிகை நின்ற இடம் இப்போது கோல்ஃப் மைதானம். பழைய குதிரை லாயம்தான் கிளப் கட்டடம். பக்கத்து செயின்ட் மேரி தேவாலயத்தில் சைல்டின் பளிங்குச் சிலை இருக்கிறது, ரோமானிய உடையும் தலையில் விக்குமாக. எப்போது திறப்பார்கள் என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.