புரட்டாசியில் உடம்பு வணங்கும்

அன்புள்ள அண்ணனுக்கு,

லண்டன் வந்து இது இரண்டாவது வருடம். செப்டம்பர் பிறந்ததும் இங்கே இலைகள் பழுக்கின்றன, விடுமுறைக்குப் போனவர்கள் திரும்பி அவரவர் வேலையில் அமர்ந்துவிடுகிறார்கள். எனக்குக் கோடையில் விட்டுப்போன வாசிப்பும் எழுத்தும் இன்னும் கூடிவரவில்லை. இலையுதிர் காலமே இல்லாத மதுரையில் நீங்கள் எப்படி எழுத உட்காருகிறீர்கள்?

அன்புள்ள தம்பி,

இலை இங்கேயும் உதிரும், ஆனால் கோடைக்கு முன்னால். வேம்பு மாசியில் கொட்டிவிட்டு, சித்திரையில் பூத்து நிற்கும். அதனால் இலையை வைத்துக் கணக்குப் போட முடியாது.

மதுரைக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது வருடத்தில் இரண்டு தடவை. சித்திரை தொடக்கத்தில் ஒன்று, ஆவணியில், ஆகஸ்ட் கடைசி வாரத்தில், இன்னொன்று. ஆவணி மூலத் திருவிழாவின்போது புட்டுத்தோப்புக்கு நடந்தவர்களுக்கு அந்த வெயில் தெரியும். பள்ளிக்கூடம் ஜூனில் திறந்தாலும் நமக்கு உடம்பு வணங்குவதில்லை. ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும், இங்கே காற்றும் புழுதியும்தான். அந்த மாதங்களில் மதியத்துக்கு மேல் நான் உருப்படியாக ஒரு வரி எழுதியதில்லை. அதற்காக வருத்தப்படுவதையும் விட்டுவிட்டேன்.

புரட்டாசியில் மாறும். பகலெல்லாம் புழுங்கி, சாயங்காலம் இடியோடு ஒரு மழை. மறுநாள் காலைக் காற்றே வேறு. மலைக்கு அந்தப் பக்கம் பெய்தது பெரியாற்றுத் தண்ணீராக வரும் என்று மேலூர்ப் பக்கம் நாற்றுப் பாவுவார்கள். விளாச்சேரியில் கொலு பொம்மைகளை மழைக்குத் தப்பித்துக் காயவைத்தாக வேண்டும். பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வு. கறிக்கடையில் மட்டும் ஈ ஓட்டுவார்கள். ஊரே வேலையில் இறங்குகிற நேரம் என்பதால் நானும் கூடவே உட்கார்ந்துவிடுகிறேன். தனியாகச் சபதமெல்லாம் கிடையாது, ஜனவரிச் சபதம் பொங்கல் வரைக்கும்கூடத் தாங்காது. மழை வந்தால் கரண்ட் போகும், அதற்குள் முடித்தாக வேண்டும். இந்தக் கெடுபிடி எனக்கு உதவுகிறது.

உங்கள் சிக்கல் வெளிச்சம் என்று நினைக்கிறேன். மதுரையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். லண்டனில் எட்டு மணி நேரத்தைத் தாண்டும். செப்டம்பரில் தினமும் நாலு நிமிடம் போலப் பகல் சுருங்குகிறது. இங்கே வளர்ந்த உடம்பு தடுமாறத்தான் செய்யும். காலையில் ஆபீஸ் கிளம்புமுன் ஒரு பக்கம் வாசியுங்கள், போதும். எழுத்து அப்புறம் வரட்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள் இல்லையா, அந்த ஒரு மணி நேரத்தைத் தூங்கித் தீர்த்துவிடாதீர்கள்.