இரண்டு வரியில் ஐந்து நாள்

கேள்வி: இலங்கை டெஸ்ட் அணியின் பலம் என்ன, பலவீனம் என்ன? வழக்கம்போல் ஊர் சுற்றாமல் இரண்டு வரியில் பதில் தரவும்.
(ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி)

பதில்:
பலம்: காலி.
பலவீனம்: காலி.

கேட்டபடி இரண்டு வரி தந்தாயிற்று. இனி நான் ஊர் சுற்றலாம்.

முதல் காலி ஊர்ப்பெயர், இலங்கையின் தெற்கில் டெஸ்ட் மைதானம் உள்ள ஊர். முரளிதரன் 2010இல் தன் கடைசி டெஸ்ட் பந்தில் 800ஆவது விக்கெட்டை எடுத்தது அங்கேதான். 2022 ஜூலையில் பிரபாத் ஜயசூரிய அங்கே அறிமுகமாகி, முதல் போட்டியிலேயே அவுஸ்திரேலியாவின் 12 விக்கெட்டைச் சாய்த்தார். 2024 செப்டெம்பரில் நியூசிலாந்து அதே இடத்தில் 88 ஓட்டத்துக்குள் மூட்டையைக் கட்டியது. பந்து சுழல்கிறது என்று வர்ணனையாளர்கள் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் அது கிறுகும். காலியில் கிறுகுகிற கிறுகலில் வந்தவர்களுக்குத் தலையும் சேர்ந்து கிறுகிறுக்கும்.

இரண்டாவது காலி, உங்கள் வீட்டு அரிசிப் பானை காலியாகும் காலி. 2025 ஜனவரியில் அதே மைதானத்தில் அவுஸ்திரேலியா 6 விக்கெட்டுக்கு 654 அடித்துவிட்டு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. கவாஜா மட்டும் 232. பிறகு அவர்களுடைய சுழற்பந்துக்காரர்கள் நம்மவர்களைக் கிறுக்கி எடுத்தார்கள். இன்னிங்ஸாலும் 242 ஓட்டத்தாலும் தோல்வி. விருந்தாளி நம் கிணற்றில் குளித்துவிட்டு நம்மையே உள்ளே தள்ளிவிட்டுப் போன கதை.

இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய வழக்கொன்று உண்டு. பல வருடங்களுக்கு முன் 'காலி மைதானத்தில் ரசிகர் வெள்ளம்' என்று தலைப்புப் போட்டுவிட்டேன். மூன்று கடிதங்கள் வந்தன. மைதானம் காலி என்றால் வெள்ளம் எங்கே நின்றது என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் இலக்கணப் பிழை என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார், இலக்கணப் பிழைகளோடு. மூன்றாமவர் நம்ம மட்டக்களப்பு ஆள்: "வெள்ள நிவாரணப் பட்டியலில் அந்த ரசிகர்களைச் சேர்க்க கிராம சேவகரைப் பார்த்தீர்களா?" மார்கழி மழையில் இந்தக் கேள்விக்கு நான் சிரிக்கவில்லை. இப்போது சிரிக்கிறேன்.

சரி, உங்கள் 'இரண்டு வரியில்' என்ற சொல்லுக்கு வருகிறேன். பலம், பலவீனத்தை விட அதுதான் என்னைச் சுட்டது. ஐந்து நாள் ஆடும் ஆட்டத்தை இரண்டு வரியில் கேட்கிறீர்களே, உங்களுக்குச் சொந்தக்காரர் ஒருவர் விழா ஏற்பாட்டுக் குழுவில் இருக்கிறாரா? ஏனென்றால் அப்படி ஒரு குழுவிடம் நான் மாட்டியிருக்கிறேன். கூத்து வைக்க வேண்டும் என்றார்கள். மகிழ்ந்து போய், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரைக் கூட்டிப் போனேன். பிரதம விருந்தினருக்கு வேறு நிகழ்வு இருக்கிறதாம். கர்ணனை இருபது நிமிடத்தில் கொன்றுவிட முடியுமா என்று கேட்டார்கள். கர்ணனுக்கு வரவுப் பாட்டுக்கே அது போதாது. அப்புறம் கவசத்தை எப்போது கழற்றுவது? அண்ணாவியார் மத்தளத்தை உறைக்குள் போட்டு முடிச்சுப் போட்ட அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பேராசிரியர் வித்தியானந்தனும் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைச் சுருக்கித்தானே மேடையேற்றினார் என்று உடனே ஒரு கடிதம் வரும். வரட்டும். அவர் விடியவிடியக் கூத்துக் களரியில் இருந்து பார்த்துவிட்டுச் சுருக்கினார். இவர்கள் அவர் சுருக்கியதை மறுபடி சுருக்குகிறார்கள்.

இலங்கை டெஸ்ட் அணிக்கும் இதே வியாதிதான். எங்கள் ஊரில் கூத்தாட ஆசைப்பட்டவனுக்கு முதலில் சட்டம் கொடுப்பார்கள், அதாவது அவன் பாத்திரத்துக்குரிய பாட்டும் வசனமும். மாதக்கணக்கில் பழக்கம். பிறகு சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்கிற முழு ஒத்திகை. அதற்கும் பிறகுதான் அரங்கேற்றம். நம் துடுப்பாட்டக்காரருக்கோ பழகவே மேடை கிடைப்பதில்லை. 2023–25 உலக டெஸ்ட் சம்பியன்சிப் சுற்றில் இங்கிலாந்து 22 டெஸ்ட் ஆடியது, இலங்கை 13. 2025ஆம் வருடம் முழுவதற்கும் நான்கே நான்கு. அந்த வருடத்துக்குள் திமுத் கருணாரத்ன தன் நூறாவது டெஸ்ட்டோடு போனார், அஞ்சலோ மெத்யூஸும் விடைபெற்றார். வருடத்துக்கு நான்கு என்றால், இன்று தொடங்கும் பொடியன் நூறைத் தொட இருபத்தைந்து வருடம் ஆகும். அதற்குள் அவருக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிடும்.

ஆளில்லாமல் இல்லை. கமிந்து மெண்டிஸ் 13 இன்னிங்ஸில் ஆயிரம் ஓட்டம் அடித்தார். பிரட்மனுக்கும் அதே கணக்கு. பத்தும் நிஸ்ஸங்க 2024இல் லண்டன் ஓவலில் ஆட்டமிழக்காமல் 127 அடித்து வெற்றியோடு வந்தார். ஆனால் ஒருவர் சரிந்தால் மற்றவர்கள் வரிசையாக விழும் பழக்கம் பிறவியிலேயே வந்தது. 1982இல் நம் முதல் டெஸ்ட், கொழும்பு சரவணமுத்து மைதானம்: 3 விக்கெட்டுக்கு 167. எல்லோரும் ஆட்டமிழந்தபோது 175.

இலங்கையில் எட்டு மைதானங்களில் டெஸ்ட் நடந்திருக்கிறது. கிழக்கில் ஒன்றுகூட இல்லை. இங்கே ஞாயிற்றுக்கிழமை மென்பந்து, ஆறு ஓவர், பரிசு ஒரு வெற்றிக்கிண்ணமும் ஒரு சோற்றுப் பொதியும். நம் பிள்ளைக்குப் பந்தை அடிக்காமல் விடும் வித்தையை யார் சொல்லிக்கொடுப்பது? அடிக்கத் தெரியும். விடத் தெரியாது.

விடத் தெரியாததன் விலையை 2024 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பார்த்தோம். 13.5 ஓவரில் 42 ஓட்டம், எல்லோரும் அவுட். அவர்களுடைய வேகப்பந்துக்காரர் மார்கோ யான்சன் 13 ஓட்டம் கொடுத்து 7 விக்கெட். நம் டெஸ்ட் வரலாற்றில் ஆகக் குறைந்தது. முதலில் வந்து வரவு சொல்லும் கட்டியகாரன் வந்து போகும் நேரத்தில் கூத்தே முடிந்துவிட்டது. உங்கள் இரண்டு வரிக்கு அது சரியாகப் பொருந்தும்.

ஆனால் அதே டர்பன், அதே மைதானம், 2019 பெப்ரவரி. வெற்றிக்கு 304 வேண்டும், 226க்கு ஒன்பது பேர் போய்விட்டார்கள். குசல் பெரேராவோடு விஷ்வ பெர்னாண்டோ வந்து நின்றார். இங்கே மாலைத் தேநீர் நேரம். ஆரையம்பதியில் ஒரு கடையில் தொலைக்காட்சி. பக்கத்தில் அதே அண்ணாவியார், கிரிக்கெட் தெரியாதவர், பிளேன்டீயை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். குசல் அடிக்க அடிக்கக் கடை அதிர்ந்தது. அவர் கண் மறுமுனையில் இருந்தது. விஷ்வ 27 பந்து பிடித்து எடுத்தது ஆறு ஓட்டம். கடைசி இணை 78 ஓட்டம் சேர்த்து வென்றபோது எல்லோரும் குசலின் 153ஐச் சொல்லிக் கத்தினார்கள். கிழவர் என் தோளைத் தட்டினார்.

"மகன், பாட்டுக்காரன் கெட்டிக்காரன்தான். அந்தப் பிற்பாட்டுக்காரன் எந்த ஊர்ப் பொடியன்?"