வீதிக் கட்டணமும் புகை விதியும்: ஐரோப்பாவில் கார் ஓட்டுவோருக்குப் பதில்கள்

கோடை விடுமுறை நெருங்க நெருங்க ஒரே விஷயத்தைப் பற்றித்தான் கடிதங்கள் வருகின்றன. ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதி, ஒவ்வொரு ஸ்டிக்கர், ஒவ்வொரு கெடு. தெரியாமல் போனவர்களுக்கு இரண்டு மாதம் கழித்து வீட்டுக்குத் தண்டக் கடிதம் வருகிறது. பலருக்கும் பயன்படும் கேள்விகளை இங்கே எடுத்திருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் 2014ஆம் ஆண்டு டீசல் கார் இருக்கிறது, புகைத் தரம் யூரோ 5. குடும்பத்தோடு பாரிஸ் லா சப்பலில் தங்கை வீட்டுக்குப் போய், அங்கிருந்து சூரிச், பிறகு ஜேர்மனி ஹம் காமாட்சி அம்பாள் தேருக்குப் போய்த் திரும்ப நினைக்கிறோம். இலண்டனிலேயே இந்தக் காருக்குத் தினமும் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. பாரிசுக்குள் விடுவார்களா? என்னென்ன வாங்க வேண்டும்?
(ஹரோ, இலண்டன்)

பதில்: விடுவார்கள். டீசல் காருக்கு நீங்கள் போகும் வழியில் மிகக் கடுமையான ஊர் உங்கள் சொந்த ஊர்தான். இலண்டன் யூலெஸ் வலயம், அதாவது புகைத் தரம் குறைந்த கார்கள் தினமும் கட்டணம் கட்ட வேண்டிய பகுதி, டீசலுக்கு யூரோ 6 கேட்கிறது, பெற்றோலுக்கு யூரோ 4 போதும். 2023 ஓகஸ்ட் 29 முதல் ஹரோவும் அதற்குள் வந்துவிட்டது.

அதனால் புறப்படும் நேரத்தைப் பாருங்கள். யூலெஸ் நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. இரவு 11.45க்கு வீட்டிலிருந்து கிளம்பி 12.10க்கும் வலயத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டு நாள் கட்டணம், 12.50 பவுண் இரண்டு தடவை. நள்ளிரவு தாண்டிக் கிளம்புங்கள், அல்லது அதற்கு முன்பே இலண்டனைச் சுற்றும் எம்25 நெடுஞ்சாலையில் ஏறிவிடுங்கள். எம்25 வலயத்துக்குள் இல்லை. கட்டணத்தை ஓடிய நாளுக்குப் பிறகு மூன்றாம் நாள் நள்ளிரவு வரை கட்டலாம். தவறினால் தண்டம் 180 பவுண், 14 நாளுக்குள் கட்டினால் பாதி.

எம்25இல் வடக்குப் பக்கமாகச் சுற்றிப் போனால் டார்ட்ஃபோர்ட் கடவை வரும். காலை 6 முதல் இரவு 10 வரை கட்டணம் உண்டு, மற்ற நேரம் இலவசம். அங்கே சாவடியும் இல்லை, தடுப்பும் இல்லை. கடந்த மறுநாள் நள்ளிரவுக்குள் இணையத்தில் கட்ட வேண்டும். விடுமுறைக்குப் போகிறவர்கள் அதிகமாக மறப்பது இதைத்தான். டோவரில் கப்பல் ஏறும்போது நினைப்பு முழுக்கப் பிரான்சில் இருக்கும், திரும்பி வரும்போது 70 பவுண் கடிதம் வாசலில் கிடக்கும். கணக்கொன்று திறந்து வைத்தால் தானாகவே கழித்துக்கொள்வார்கள். தெற்குப் பக்கமாகப் போனால் இந்தப் பிரச்சினையே இல்லை.

இனி பிரான்ஸ். அங்கே புகை ஸ்டிக்கரின் பெயர் கிரித்-எயர். யூரோ 5, யூரோ 6 டீசல்களுக்கும் யூரோ 4 பெற்றோலுக்கும் 2ஆம் எண். யூரோ 4 டீசலுக்கு 3. பாரிஸ் பெருநகர வலயம் 2025 ஜனவரியிலிருந்து வார நாள்களில் காலை 8 முதல் இரவு 8 வரை 3ஆம் எண்ணையும் அதற்கு மேலுள்ளவற்றையும் மறித்தது. உங்களுக்கு 2 என்பதால் அதில் சிக்கல் இல்லை. அதே ஆண்டில் நாடாளுமன்றக் கீழவை இந்த வலயங்களையே நீக்க வேண்டும் என்று வாக்களித்தது. ஆகவே புறப்படும் வாரத்தில் அரசுத் தளத்தில் நடப்பு நிலையை ஒருமுறை பாருங்கள். எப்படியும் ஸ்டிக்கரை வாங்கி ஒட்டுங்கள். காற்று மாசு உச்சத்துக்குப் போகும் நாள்களில் எந்தக் கார் ஓடலாம் என்று தீர்மானிப்பதும் அந்த எண்ணை வைத்துத்தான்.

வாங்கும் முறை: பிரெஞ்சு அரசின் 'செர்திஃபிகா எயர்' தளத்துக்குப் போய் லொக் புக்கை (கார் பதிவுப் பத்திரம்) படமெடுத்து ஏற்றுங்கள். லொக் புக்கில் வி.9 என்ற கட்டத்தில் யூரோ தரம் இருக்கும். பழைய கார்களுக்கு அது வெறுமையாக இருப்பது வழக்கம். அப்போது முதற்பதிவுத் திகதியை வைத்து எண் கொடுப்பார்கள். 2011 தொடக்கம் பதிவான டீசலுக்கு 2. வெளிநாட்டுக்கு அனுப்பும் தபாற் செலவோடு ஏறத்தாழ ஐந்து யூரோதான். இருபது, முப்பது யூரோ கேட்கும் தளமென்றால் அது இடைத்தரகர், மூடிவிடுங்கள். தபாலில் வரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை மின்னஞ்சலில் வரும் பற்றுச்சீட்டை அச்செடுத்துக் காரில் வைத்திருங்கள். ஸ்டிக்கரை முன்கண்ணாடியின் உட்புறம் வலது கீழ் மூலையில் ஒட்ட வேண்டும். உரித்தால் கிழிந்துவிடும், அதனால் முதலில் கண்ணாடியைத் துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள். ஸ்டிக்கர் இல்லாமல் வலயத்தில் பிடிபட்டால் காருக்கு 68 யூரோ.

கலேயிலிருந்து ஏ26, ஏ1 வழியாகப் பாரிஸ் போனால் பெயாஜ் (நெடுஞ்சாலைக் கட்டணம்) உண்டு. ஏறும் இடத்தில் சீட்டெடுத்து, இறங்கும் இடத்தில் பணம் கட்டுவது. இயந்திரம் இடது பக்கம் இருக்கும். உங்கள் காரில் இடது பக்கம் இருப்பவர் பயணி. அவரிடமே சீட்டையும் வங்கி அட்டையையும் கொடுத்து வையுங்கள். சீட்டைத் தொலைத்தால் மிகத் தொலைவான வாயிலிலிருந்து வந்ததாகக் கணக்குப் போடுவார்கள். பச்சை அம்புக்குறி இருக்கும் பாதையில் போங்கள். செம்மஞ்சள் நிறத்தில் 't' போன்ற குறி மட்டும் இருந்தால் அது தானியங்கிக் கருவி வைத்திருப்பவர்களுக்கு. தவறி நுழைந்துவிட்டால் பின்னால் எடுக்க வேண்டாம், ஆபத்து, குற்றமும்கூட. உதவிப் பொத்தானை அழுத்துங்கள், பேசித் திறப்பார்கள். கூரையில் பெட்டி வைத்திருந்தால் திரையில் வகுப்பு 2 என்று வருகிறதா பாருங்கள். இரண்டு மீற்றர் வரை உயரமான கார் வகுப்பு 1. கூடுதலாகக் காட்டினால் பணம் கட்டும் முன்பே பொத்தானை அழுத்திச் சொல்லுங்கள். கட்டிய பிறகு திரும்ப வாங்குவது பெரும்பாடு.

சுவிசில் நெடுஞ்சாலை ஏறுவதற்கு முன் விக்னெட் (நெடுஞ்சாலைக் கட்டண அனுமதி) இருக்க வேண்டும், 40 பிராங். 2023 ஓகஸ்டிலிருந்து இணையத்திலேயே வாங்கலாம், ஒட்ட வேண்டியதில்லை. அது கார் இலக்கத் தகட்டோடு பிணைக்கப்பட்டது. இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள்: ஆங்கில 'ஓ' எழுத்துக்கும் சுழியத்துக்கும் மாறி அடித்தால் நீங்கள் வேறொருவரின் காருக்குப் பணம் கட்டியவர் ஆவீர்கள். பதிவு நாடு எது என்பதையும் சரியாகத் தெரிவு செய்யுங்கள். விக்னெட் இல்லாவிட்டால் தண்டம் 200 பிராங், அதோடு விக்னெட்டின் விலையும் சேரும். பின்னால் வண்டி இழுத்துப் போனால் அதற்கும் தனி விக்னெட்.

ஜேர்மனியில் கார்களுக்கு வீதிக் கட்டணம் கிடையாது. ஆனால் கேல்ன் போன்ற நகரங்களுக்குள் இறங்குவதானால் பச்சை ஸ்டிக்கர் வேண்டும். யூரோ 4 தொடக்கம் எல்லா டீசலுக்கும் கிடைக்கும். ட்யூஃப், டெக்ரா பரிசோதனை நிலையங்களில் லொக் புக்கைக் காட்டினால் உடனேயே தருவார்கள். உங்கள் தகட்டு எண்ணை அதில் எழுதியிருப்பார்கள், அந்த எண் இருக்கும் வரை நாடு முழுக்கச் செல்லும். இல்லாமல் வலயத்துக்குள் நின்றால், நிறுத்தி வைத்திருந்தாலும், 100 யூரோ. ஹம் கோயில் ஏ2 நெடுஞ்சாலையின் ஹம்-ஊன்ட்றொப் வெளியேற்றத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நெடுஞ்சாலையிலிருந்து நேரே இறங்குகிறவர் ஊருக்குள் சுற்ற வேண்டிய தேவை இல்லை.

திரும்பும் வழி பெல்ஜியம். அன்ட்வேர்ப்பின் ஆர்1 சுற்றுச்சாலையும் பிரசல்சின் ஆர்0 சுற்றுச்சாலையும் புகை வலயத்துக்கு வெளியே. அவற்றிலேயே ஓடிக் கலே போனால் எதுவும் தேவையில்லை. அன்ட்வேர்ப் நெரிசலில் வழிகாட்டிக் கருவி உங்களை லீஃப்கென்ஸ்கூக் சுரங்கத்துக்குத் திருப்பலாம், அது மட்டும் கட்டணச் சுரங்கம். நகரங்களுக்குள் போவதானால் உங்கள் கார் தகுதியானதா என்று பார்த்து, நகரத் தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவு இலவசம். பிரசல்சில் பிரித்தானியத் தகட்டோடு பதிவு செய்யாமல் போனால், தகுதியான காராக இருந்தாலும் 150 யூரோ தண்டம்.

கேள்வி: பாரிசிலிருந்து நோர்மண்டிக் கடற்கரைக்குப் போனோம். ஏ13இல் முன்பு இருந்த சாவடிகள் ஒன்றும் இல்லை. யாரும் மறிக்கவும் இல்லை. இலவசமாக்கிவிட்டார்களா?
(சார்செல், பிரான்ஸ்)

பதில்: இல்லை, சாவடியைத்தான் எடுத்தார்கள். ஏ14, ஏ13 இரண்டும் 2024இல் தடையில்லாக் கட்டண முறைக்கு மாறிவிட்டன. மேலே வளைவில் இருக்கும் கமரா தகட்டைப் படிக்கும். கடந்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் நீங்களாகவே கட்ட வேண்டும். நெடுஞ்சாலை நிறுவனமான சானெஃபின் தளத்தில் தகட்டு எண்ணை அடித்தால் கடந்த இடங்களெல்லாம் வரும். இணையம் பழக்கமில்லாத பெரியவர்கள் நீரியோ என்ற கட்டணச் சேவையின் அடையாளம் உள்ள தபா (புகையிலை) கடைகளில் பணமாகவே கட்டலாம். அடிக்கடி போகிறவர் என்றால் பெயாஜ் கருவியே நல்லது, தானாகக் கழியும்.

72 மணி நேரம் தாண்டிவிட்டால் அறிவித்தல் வரும். வந்து 15 நாளுக்குள் கட்டினால் கட்டணத்தோடு 10 யூரோ. அதற்குப் பிறகு 90. 60 நாளும் தாண்டினால் 375. கடிதத்தைப் பிரிக்காமல் மேசையில் போட்டுவைப்பதுதான் இதில் மிக விலையான பழக்கம். இன்னொன்று: 'கட்டணம் பாக்கி, இங்கே அழுத்துங்கள்' என்று கைபேசிக்கு வரும் குறுஞ்செய்திகளில் ஏராளமானவை மோசடி. இணைப்பை அழுத்தாமல், தளத்தின் பெயரை நீங்களே தட்டி உள்ளே போய்ப் பாருங்கள்.

கேள்வி: இத்தாலியில் வாடகைக் கார் எடுத்து மிலான், ஃப்ளோரன்ஸ், ரோம் சுற்றப் போகிறோம். நம் ஊர் ஃபாஸ்டேக் மாதிரி ஏதாவது வாங்க வேண்டுமா?
(அண்ணா நகர், சென்னை)

பதில்: ஒரு வாரப் பயணத்துக்கு எதுவும் வேண்டாம், வங்கி அட்டை போதும். பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் ஏறும்போது சீட்டு, இறங்கும்போது பணம். மஞ்சள் பலகை டெலிபாஸ் கருவி வைத்திருப்பவர்களுக்கு, அதில் நுழையாதீர்கள். நீலப் பலகை அட்டைக்கு, வெள்ளை ரொக்கத்துக்கு. இயந்திரம் அட்டையை ஏற்காவிட்டால் பதற்றம் வேண்டாம். ஒரு சீட்டு அச்சடித்துத் தடுப்பைத் திறந்துவிடும். 15 நாளுக்குள் இணையத்தில் கட்டலாம். மிலானுக்கு வடக்கே உள்ள ஏ36 பெதெமொன்தானா சாலையில் சாவடியே கிடையாது. அதற்கும் 15 நாள்தான் கெடு. மல்பென்சா விமான நிலையத்திலிருந்து கோமோ பக்கம் போகும்போது வழிகாட்டி அந்தச் சாலைக்கு இழுத்துப் போகலாம்.

உங்கள் பர்சுக்கு உண்மையான ஆபத்து சுங்கம் அல்ல, பழைய நகரப் பகுதிகள். வெள்ளைப் பலகையில் சிவப்பு வட்டம், கீழே 'சோனா ஏ த்ராஃபிகோ லிமிதாதோ' என்று எழுதியிருக்கும். மின்பலகையில் 'வார்கோ அத்தீவோ' என்று ஒளிர்ந்தால் நுழையக் கூடாது என்று அர்த்தம். தெரியாமல் மூன்று வாசலைக் கடந்தால் மூன்று தண்டம் வரலாம். ஃப்ளோரன்சில் ஓட்டல் அந்தப் பகுதிக்குள் இருந்தால், கார் கைக்கு வந்ததும் தகட்டு எண்ணை ஓட்டலுக்கு அனுப்பிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவாகிவிட்டது என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதைவிட நிம்மதியான வழி, காரை வெளியே நிறுத்திவிட்டு டிராமில் போவது. மிலான் நடுப்பகுதியான ஏரியா சி வார நாள்களில் காலை 7.30 முதல் மாலை 7.30 வரை கட்டண வலயம், ஒரு நாளைக்கு 7.50 யூரோ.

தண்டக் கடிதம் முதலில் வாடகை நிறுவனத்துக்குப் போகும். உங்கள் முகவரியைக் கொடுப்பதற்கே அவர்கள் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு கட்டணத்தை உங்கள் கிரெடிட் கார்டில் எடுப்பார்கள். அது தண்டம் அல்ல, தண்டம் பிறகு தனியாக வரும். வெளிநாட்டுக்காரருக்கு அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் அவகாசம் தருகிறது. அதனால் ஓட்டல் பதில், கட்டண ரசீது எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்கு மேல் பத்திரமாக வையுங்கள். ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் இந்திய உரிமத்தையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள், ஒன்றில்லாமல் மற்றது உதவாது.

கேள்வி: ஊல்மிலிருந்து சங்காலனுக்குக் கலியாணம் ஒன்றுக்குப் போகிறோம். வழியில் ஒஸ்திரியாவில் சில கிலோமீற்றர்தான். அதற்கும் விக்னெட் வேண்டுமா?
(ஊல்ம், ஜேர்மனி)

பதில்: வேண்டாம். ஹேர்பிரான்ஸ் எல்லையிலிருந்து ஹோஹனெம்ஸ் வெளியேற்றம் வரை ஏ14 சாலைக்கு 2019 டிசம்பரிலிருந்து விலக்கு உண்டு, பிஃபெண்டர் சுரங்கமும் அதற்குள் அடங்கும். ஹோஹனெம்சைத் தவறவிடாமல் இறங்கி டீபோல்ட்சவ் வழியாகச் சுவிசுக்குள் போங்கள். அதைத் தாண்டி ஒரு வெளியேற்றம் ஓடினாலும் விக்னெட் கட்டாயம். சுவிஸ் பக்கம் நெடுஞ்சாலையில் ஏறினால் 40 பிராங் கட்டத்தான் வேண்டும், ஒரு நாள் விக்னெட் அங்கே இல்லை. டிசம்பர் 1 முதல் அடுத்த ஆண்டு கழிந்து ஜனவரி 31 வரை 14 மாதம் செல்லும் என்பதால், கலியாணம் டிசம்பரில் என்றால் புது ஆண்டு விக்னெட்டையே வாங்குங்கள்.

கேள்வி: சுவிஸ் தகட்டுக் காரோடு ஒஸ்லோ போகிறேன். அங்கே ஒவ்வொரு கட்டண வளையத்திலும் நின்று கட்ட வேண்டுமா?
(பேர்ண்)

பதில்: நிற்க இடமே இல்லை, ஓடிக்கொண்டே போங்கள். தகட்டைப் படம் எடுத்து, ஈபாஸ்24 என்ற கட்டண வசூல் சேவை மூலம் கணக்குச் சீட்டை வீட்டுக்கு அனுப்புவார்கள். முன்கூட்டியே அங்கே தகட்டைப் பதிந்துவைத்தால் மின்னஞ்சலிலேயே வரும், தபாலுக்குக் காத்திருக்க வேண்டாம். டென்மார்க் வழியாக டீசல் காரில் போவதென்றால் கோப்பன்ஹேகன் போன்ற நகரங்களின் வலயங்களுக்குள் துகள் வடிகட்டி கட்டாயம். 2023 ஒக்டோபர் முதல் இது கார்களுக்கும் பொருந்தும். ஸ்டோரபெல்ட், ஒரேசுன்ட் பாலங்களுக்குத் தனிக் கட்டணம். ஒரேசுன்ட்டுக்கு இணையத்தில் முன்கூட்டி வாங்கினால் வாசலில் கட்டுவதைவிடக் குறைவு.