வீட்டுக் காப்பகங்களில் தீப் பாதுகாப்பு: கேள்வி பதில்

தீயணைப்புத் துறையில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைகளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்கள் பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

சார், எங்கள் வீட்டில் எட்டுக் குழந்தைகள். எந்தத் தீயணைப்பு சிலிண்டர் வாங்கலாம்? (தாம்பரம்)

ஏ.பி.சி. பவுடர் வகை வாங்குங்கள். துணி, காகிதம், மண்ணெண்ணெய், கேஸ், மின்சாரக் கருவியில் பிடிக்கும் தீ, எல்லாவற்றுக்கும் உதவும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15683 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். 2 கிலோ சிலிண்டர் சில விநாடிகளில் தீர்ந்துவிடும், அதனால் 4 கிலோ நல்லது. அது உள்ளே இருக்கும் பவுடரின் எடைதான். சிலிண்டரோடு சேர்த்தால் இன்னும் கனம் என்பதால் கடையிலேயே ஒருமுறை தூக்கிப் பாருங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். தீப்பிடித்த அடுப்பைத் தாண்டிப் போய் எடுக்க முடியாது. சமையலறை வாசலுக்கு வெளியே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். சிலிண்டரின் அழுத்தமானியில் முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பகலில் வீட்டில் பெரியவர் நீங்கள் ஒருவர்தானே? நீங்கள் தீயோடு போராடும்போது எட்டுக் குழந்தைகள் யார் கையில் இருப்பார்கள்? குப்பைக்கூடை அளவுக்குச் சின்னத் தீ, வாசல் உங்கள் முதுகுப் பக்கம், குழந்தைகளை வெளியே கூட்டிப்போக இன்னொருவர். இந்த மூன்றும் இருந்தால் மட்டும் சிலிண்டரின் கைப்பிடியில் இருக்கும் பாதுகாப்பு ஊசியை (பின்) உருவி, தீயின் அடிப்பகுதியைப் பார்த்து அடியுங்கள். இல்லையென்றால் குழந்தைகளோடு வெளியேறி 101-க்குப் போன் செய்யுங்கள். சிலிண்டர் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம் அம்மா.

வாணலி எண்ணெயில் தீப்பிடித்தாலும் அதையே அடிக்கலாமா? (மதுரை)

வேண்டாம். பவுடர் வேகமாக அடிக்கும்போது எண்ணெய் சிதறலாம். தீ அடங்கினாலும் சூடான எண்ணெய் மறுபடி பிடிக்கும். கேஸை நிறுத்தி, பெரிய தட்டால் வாணலியை மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. இந்த வேலைக்கு ஃபயர் பிளாங்கெட் என்ற தீப்போர்வையும் நல்ல பொருள்.

பிள்ளைகள் படிக்கட்டுக்கு ஓடிவிடுகிறார்கள் என்று கிரில் கேட்டைப் பூட்டியே வைக்கிறோம். சரிதானா? (முகப்பேர்)

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் இந்தப் பூட்டுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. புகை சூழ்ந்தால் கண் எரியும், கை நடுங்கும். பகலில் சட்டென்று திறக்கும் பூட்டை, இருட்டில் இடுப்பில் ஒரு குழந்தையோடு தடவித் திறந்து பாருங்கள், கஷ்டம் புரியும். பூட்டுக்குப் பதில் உள்பக்கம், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் நல்ல தாழ்ப்பாள் போடுங்கள். கட்டாயம் பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால், சாவி கேட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆணியில் தொங்கட்டும். கைப்பையிலோ பீரோவிலோ வைக்காதீர்கள். உதவிக்கு வரும் பெண்ணும் பாட்டியும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கப் பழக வேண்டும். செருப்பு ஸ்டாண்டு, சைக்கிள், தண்ணீர் கேன் எதுவும் அந்த வழியில் இருக்கக் கூடாது.

மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு மதியம் அங்கே விளையாட விடுகிறோம். வெயிலுக்கு இதமாக இருக்கிறது. (தஞ்சாவூர்)

பிரித்துவிடுங்கள் அம்மா. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேர தூரம். இதில் நான் வேறு யோசனை எதுவும் சொல்ல மாட்டேன்.

புகை அலாரம் வாங்கினோம். குழந்தைக்குச் சாம்பிராணி போடும்போதெல்லாம் கத்துகிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டோம். (கோயம்புத்தூர்)

இன்றைக்கே மறுபடி போடுங்கள். மதியம் குழந்தைகள் தூங்கும்போது நீங்களும் கொஞ்சம் கண் அயர்வீர்கள். அந்த நேரத்தில் உங்களை எழுப்ப வேறு யாரும் இல்லை. சாம்பிராணியைத்தான் நிறுத்த வேண்டும். அந்தப் புகை பிஞ்சு நுரையீரலுக்கும் ஆகாது. அலாரத்தைக் குழந்தைகள் தூங்கும் அறையின் கூரையில் மாட்டுங்கள். ஃபேன் இறக்கையின் நுனியிலிருந்து 3 அடியாவது தள்ளி இருக்கட்டும், இல்லையென்றால் காற்று புகையை அடித்துக்கொண்டு போய்விடும். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். 10 வருடத்தில் அலாரத்தையே மாற்றிவிட வேண்டும்.

கேஸ் வாடை வந்தால்? (சேலம்)

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். உங்கள் பிள்ளைகள் தவழ்வதும் அதே தரையில்தான். அதனால் முதலில் அவர்களை வெளியே கொண்டுபோங்கள். போகும் வழியில் கை எட்டினால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் உட்பட எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வெளியே வந்தபின் கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-க்குப் பேசுங்கள். ரப்பர் ட்யூபை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

தீக்காயத்துக்கு என்ன மருந்து வைத்திருக்கலாம்? (வேலூர்)

குழாய்த் தண்ணீர்தான். காயத்தின் மேல் 20 நிமிடம் ஓட விடுங்கள், அப்புறம் ஆஸ்பத்திரி. இங்க், தோசை மாவு, பற்பசை எதுவும் தடவாதீர்கள்.

ஒன்றரை வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒத்திகை நடத்த முடியுமா சார்? (திருச்சி)

முடியும். நீளமான கயிற்றில் ஆளுக்கொரு முடிச்சுப் போடுங்கள். "ரயில் வண்டி" என்றதும் ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்து வாசல்வரை நடக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் விளையாடினால் பழகிவிடுவார்கள். நடக்காத குழந்தைகளைத் தடிமனான பெட்ஷீட்டில் கிடத்தித் தரையோடு இழுத்துக்கொண்டு வரலாம். புகை மேலே நிற்கும், கீழே மூச்சுவிட இடம் இருக்கும். நடக்காத குழந்தைகளில் எத்தனை பேரை நீங்கள் ஒரே ஆளாகக் கொண்டுவர முடிகிறது என்று ஒத்திகையில் பார்த்துவிட்டு, அதற்கு மேல் சேர்க்காதீர்கள்.

வருகை நோட்டு வாசல் பக்கமே தொங்கட்டும். வெளியே போனதும் பெயர் சொல்லி எண்ணுங்கள். ஒரு குழந்தை குறைந்தால் கட்டிலடியிலும் பீரோ இடுக்கிலும் பார்க்கச் சொல்லி எங்கள் ஆட்களிடம் உடனே சொல்லுங்கள். பயந்த குழந்தை ஓடாது, ஒளிந்துகொள்ளும்.